கண்டதும் பிடித்ததும்



இன்றைய பேச்சை ஒரு சொல்லில் இருந்து தொடங்க விரும்புகிறேன். ‘கண்டுபிடித்தல்’ என்பதே அச்சொல்.

தரம் பத்து மாணவர்களுக்கு ஒருமுறை ‘கடற்பயணங்கள்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். “1498ஆம் ஆண்டில் வஸ்கொடகாமா இந்தியாவைக் கண்டுபிடித்தார்” என்று ஒருவன் எழுதியிருந்தான். எழுத்துப் பிழை இல்லை, ஆண்டும் சரி. சிவப்பு மையால் சரி போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து வாங்கில் இருந்தவன் அதை எட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து, “சேர், அங்க ஏற்கெனவே ஆக்கள் இருந்தவை தானே? பிறகு என்னெண்டு அவர் கண்டுபிடிச்சது?” என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லுக்குப் பொருள் சொல்லியே சம்பளம் வாங்குகிற தமிழாசிரியன் நான். அந்தச் சொல்லின் மேல் ஒரு கணமும் நில்லாமல் என் பேனை ஓடியிருக்கிறது. “நாளைக்குச் சொல்லுறன்” என்று தப்பிக்கொண்டேன். அந்த ‘நாளை’ வருவதற்குப் பல கிழமைகள் ஆயின.

அடுத்த விடுமுறையில் கொழும்புக்குப் போனபோது ஒரு பழைய நூலகத்தில் சில நாட்கள் இருந்து வாசித்தேன். மேல்நாட்டார் கடலோடிய வரலாறுகள் ஒரு றாக்கை நிறைய இருந்தன. முதலில் கையில் எடுத்தது காமாவின் முதற் பயண நாட்குறிப்பு. அவருடன் கப்பலிற் சென்ற ஒருவர் எழுதியது. 1898இல் ஹக்லூயிற் சங்கம் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டது.

அந்நூலைத் திறக்கும் வரை, ஆளரவமற்ற கடலில் ஒரு மாவீரன் வழி தேடிச் செல்லும் காட்சியே என் மனதில் இருந்தது. நூல் காட்டியது வேறொரு கடலை. ஆபிரிக்காவின் கீழைக்கரையில் உள்ள மலிந்தியை 1498 ஏப்ரலில் காமா அடைந்தபோது, அத்துறையில் இந்தியரின் நான்கு கப்பல்கள் ஏற்கெனவே நின்றன. மலிந்தி மன்னன் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தான். ஏப்ரல் 24ஆந் திகதி புறப்பட்ட கப்பல்கள் மே 20ஆந் திகதி கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரம் இட்டன. கரைக்கு அனுப்பப்பட்ட முதல் ஆளை எதிர்கொண்டவர்கள் யார் தெரியுமா? தூனிஸ் நாட்டைச் சேர்ந்த இரண்டு முஸ்லிம்கள். அவர்கள் ஐரோப்பிய மொழி பேசினார்கள்! ‘கண்டுபிடிக்கப்பட்ட’ நாட்டின் கரையிலே, கண்டுபிடிக்க வந்தவனின் பேச்சு விளங்கக்கூடியவர்கள் முன்னரே வந்து இருந்திருக்கிறார்கள்.

திரும்பிய பயணத்தை வாசித்தபோது இன்னொன்று விளங்கியது. நமது கடற்றொழிலாளரிடம் கேட்டால் சோழகம் எப்போது எழும், வாடை எப்போது ஊன்றும் என்று விரல் மடித்துச் சொல்வார்கள். போகும்போது வழிகாட்டி இருந்தான். சோழகம் எழும் பருவமும் வாய்த்தது. மீளும்போது காமா வாடை ஊன்றும் வரை காத்திருக்கவில்லை. 1498 ஒக்டோபர் 5ஆந் திகதி இந்தியக் கரையை விட்ட கப்பல்கள் 1499 ஜனவரி 2ஆந் திகதியே ஆபிரிக்கக் கரையைக் கண்டன. ஒரு மாதமும் எடுக்காத கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள். அதற்குள் பல்லீறு வீங்கும் நோயால் முப்பது பேர் இறந்தார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள். ஓட்ட ஆள் இல்லாமல் ஒரு கப்பலைத் தாமே எரித்தார்கள். காற்றை அறிந்தவனின் அருமையை இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. எழுதியவரோ அதை நினைத்து எழுதவில்லை.

அப்படியானால் அந்த வழிகாட்டி யார்? நாட்குறிப்பு அவன் பெயரைத் தரவில்லை. அரபு நாட்டின் புகழ்பெற்ற கடலறிஞர் இப்னு மஜீத்தே அவர் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அதனை ஏற்கவில்லை. 1552இல் தம் வரலாற்று நூலின் முதற் பகுதியை வெளியிட்ட போர்த்துக்கேயர் ஜோவாவோ டி பாரோஸ், அவன் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்கிறார். சூரியனின் உயரத்தை அளக்கும் கருவியைக் காமா காட்டியபோது அவன் வியப்படையவில்லை என்றும், தன் கடல் வரைபடத்தை எடுத்துக் காட்டினான் என்றும் எழுதுகிறார். பெயர் ‘மலேமோ கனா’ என்கிறார். வேறு சிலர் ‘மலேமோ கனகா’ என்பர்.

இந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்தேன். ‘மலேமோ’ என்பது பெயரன்று. ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. அச்சொல்லுக்கு ஆசிரியன் என்று பொருள். கடல் வழக்கில் கப்பலை வழிநடத்துபவன். நாம் வழங்கும் ‘மாலுமி’ என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே எனச் சொல்லாய்வாளர் காட்டுவர். ‘கனகா’ என்பது கோள்களைக் கணிப்பவனைக் குறிக்கும் ‘கணகன்’. ஆக, மாலுமி, கணிப்பவன் என்ற இரண்டு தொழிற்பெயர்களே எஞ்சியிருக்கின்றன. தாய் வைத்த பெயர் போய்விட்டது. உலக வரலாற்றையே திருப்பிய ஒரு பயணத்துக்கு வழி சொன்னவன், ‘வாத்தியார்’ என்ற பட்டத்தோடு மட்டும் ஏட்டில் நிற்கிறான். நானும் ஒரு வாத்தியார். அதனால்தானோ என்னவோ, அன்று பின்னேரம் என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை.

மறுநாள் நூதனசாலைக்குப் போய் ஒரு கல்லைப் பார்த்தேன். 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறப்படுகிறது. காமா வருவதற்கு 89 ஆண்டுகளுக்கு முன்னர், இந்தக் கடலில் ஒரு செய்தியைப் பலரும் விளங்கவேண்டுமென்றால் தமிழிலும் எழுதவேண்டியிருந்தது. அந்தக் கடலையா ஒருவர் கண்டுபிடித்தார்?

நமது தீவின் கதைக்கு வருவோம். 1505இல் லொரென்சோ டி அல்மேதா மாலைதீவுப் பக்கம் முஸ்லிம் வணிகரின் கப்பல்களை மறிக்கப் போய், காற்றில் ஒதுக்கப்பட்டு இங்கே வந்தார். அதாவது, கண்டார். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். அதாவது, பிடித்தார்கள். காண்பதற்கும் பிடிப்பதற்கும் இடையில் 114 ஆண்டுகள். நம் மொழி இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி வைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள்!

இந்தப் பிடித்தலை விரிவாக எழுதியவர் குவேறோஸ் பாதிரியார். அவர் இலங்கையில் கால் வைத்ததே இல்லை. கோவாவில் இருந்துகொண்டு, கடிதங்களையும் பிறர் சொன்னவற்றையும் கொண்டு எழுதினார். ஒல்லாந்தரிடம் 1658இல் முற்றாக இழந்த தீவை மீண்டும் பிடிக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆயினும், இழந்ததற்குக் காரணம் தம்மவர் செய்த அநீதிகளே என்றும் அவரே எழுதுகிறார். எழுதியவரின் நோக்கத்தை மீறி ஏடு சாட்சி சொல்கிறது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏடுகளும் அப்படியே. கொழும்புச் சுவடிக்கூடத்தில் அவை ஏறக்குறைய 7,000 தொகுதிகள். தோம்புகளை அவர்கள் எழுதியது வரிக்கும் ஊழியத்துக்கும் கணக்கு வைக்கவே. ஆனால் நம் ஊர்களின் காணிப் பெயர்களும், அக்காணிகளை உழுத சாதாரண மனிதர்களின் பெயர்களும் அவற்றில்தான் இருக்கின்றன.

அவர்களின் ஏடுகள் நமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் ஒன்றைத்தான் நினைவூட்டுவேன். நான் தவழும் பிள்ளையாக இருந்த 1981இல், மே 31ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நூலகம் 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. எரிந்த ஓலைகள் திரும்பவில்லை. நாம் நம்மைப் பற்றி எழுதியவற்றில் இவ்வளவு போன பிறகு, பிறர் நம்மைப் பற்றி எழுதியதையும் வாசிக்காமல் விட நமக்கு வசதி இல்லை. ஆனால் வாசிக்கும்போது, பெயர் இல்லாமல் நிற்கும் ஆளை அவற்றில் தேடவேண்டும்.

பாடசாலை தொடங்கியதும் இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அந்தக் கொப்பியை வாங்கி, நான் போட்ட சரியை நானே வெட்டி, கீழே எழுதினேன்: “பெயர் அறியப்படாத மாலுமி ஒருவர் வழிகாட்ட, வஸ்கொடகாமா 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்தார்.”

கொப்பிக்காரன் அதை இரண்டு தரம் வாசித்தான். “சோதினையில இப்பிடி எழுதினால் புள்ளி போடுவினமோ, சேர்?” என்று கேட்டான்.

“போடுவினம்” என்றேன். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், என் சொல்லைக் காப்பாற்றித் தரும்படி அவர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.