எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதிய ஒரு வரி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவர்களுக்கு ஹைட்ரஜன் பாடம் நினைவிருக்கும். பாடம் மறந்திருந்தாலும் அந்தச் சத்தம் மறந்திருக்காது. சோதனைக் குழாயில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, குழாயின் வாயருகே எரியும் தீக்குச்சியைக் கொண்டுபோனால் "பொப்" என்று கேட்கும். கடைசி பெஞ்சிலிருந்து "இன்னொரு தடவை சார்" என்று குரல் வரும். அதற்கு முன்பு கரும்பலகையில் ஒரு வரி எழுதிப்போட்டிருப்பேன்: "ஹைட்ரஜன் இயற்கையில் தனித்துக் கிடைப்பதில்லை, சேர்மங்களாகவே கிடைக்கிறது." இதைக் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று தேர்விலும் கேட்டிருக்கிறேன். "கிடைக்கும்" என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை.

அந்த வரி முழுச் சரியில்லை. இதை நான் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்றொரு நாடு. அதன் தலைநகர் பமாக்கோவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் பூரகேபூகு என்ற கிராமம் இருக்கிறது. 1987இல் அங்கே குடிதண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். 108 மீட்டர் வரை போயும் தண்ணீர் வரவில்லை. வேலையைக் கைவிட இருந்த நேரத்தில் குழியிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. என்ன காற்று என்று எட்டிப் பார்த்த துளையிடும் தொழிலாளி ஒருவரின் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. காற்று அவர் முகத்திலேயே வெடித்தது. அவர் உயிர் பிழைத்தார், ஆனால் தீக்காயம்.

குழியில் பற்றிய நெருப்பு லேசில் அணையவில்லை. பகலில் கரும்புகை இல்லாமல் நீலமாகவும், இரவில் பொன்போலவும் எரிந்ததாக ஊர்க்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள். அதை அணைத்துக் கிணற்றை மூடவே வாரக்கணக்கில் ஆனது. அதன் பிறகு அந்தப் பக்கம் போக ஊர் அஞ்சியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது மூடியே கிடந்தது.

2007இல் அலியூ தியாலோ என்ற மாலி நாட்டுத் தொழிலதிபர் அந்தப் பகுதியில் எண்ணெய், எரிவாயு தேடும் உரிமையைப் பெற்றார். (இவர் பின்னாளில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றவர்.) மூடிக்கிடந்த கிணற்றின் கதை அவர் காதுக்கு வந்தது. 2012இல் ஒரு கனடா நாட்டு நிறுவனத்தை வரவழைத்து வாயுவைச் சோதித்துப் பார்த்தார். வெளிவந்ததில் 98 விழுக்காடு ஹைட்ரஜன்! எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்காமல், பூமி தானாகச் செய்து வைத்திருந்த ஹைட்ரஜன். ஒரு கார் எஞ்சினை அதற்கேற்ப மாற்றி, 30 கிலோவாட் மின்னாக்கியோடு இணைத்தார்கள். அதுவரை மின்சாரமே இல்லாத ஊரில் விளக்கு எரிந்தது. பனிக்கட்டி செய்யப் பெட்டி வந்தது. மசூதியில் மாலைத் தொழுகைக்கு வெளிச்சம் கிடைத்தது. ஊர்த் தலைவர் வீட்டில் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்தார்கள். பிள்ளைகள் இரவில் படிக்க முடிந்ததால் மதிப்பெண்ணும் கூடியதாம். ஆசிரியராக இருந்தவனுக்கு அந்தக் கடைசிச் செய்திதான் முதலில் கண்ணில் படும். புகைக்குழாய் வழியே வந்தது நீராவி. நாம் வகுப்பில் எழுதிய அதே சமன்பாடுதான்: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நீர்.

இன்னும் வியப்பான செய்தி உண்டு. கிணற்றின் அழுத்தம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. சுற்றுவட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டுப் பார்த்தபோது, நிலத்தடியில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல அடுக்குகளில் ஹைட்ரஜன் இருப்பது தெரிந்தது. 2018இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எடுக்க எடுக்க அடியிலிருந்து ஊறுகிறதோ என்ற எண்ணம் அப்போதுதான் வலுத்தது.

எப்படி ஊறும்? இரும்பு ஆணி ஈரத்தில் துருப்பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பூமியின் ஆழத்தில் இரும்புச் சத்து மிகுந்த பாறைகள் உண்டு. ஆலிவின் என்ற பச்சை நிறக் கனிமம் அவற்றில் முக்கியமானது. சூடான நீர் அந்தப் பாறைக்குள் இறங்கும்போது, இரும்பு நீரிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது ஹைட்ரஜன். இன்னொரு வழியும் உண்டு. பாறையில் உள்ள யுரேனியம், தோரியம் வெளிவிடும் கதிர்வீச்சு நீர் மூலக்கூறை உடைக்கும். அதிலும் ஹைட்ரஜன் பிறக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். இந்த வினைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

சரி, இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாதா என்று கேட்பீர்கள். என்னை உறங்கவிடாமல் செய்தது இந்தக் கேள்விதான். தேடிப் படித்தால், எத்தனையோ முறை கண்ணில் பட்டிருக்கிறது! தனிம அட்டவணை தந்த மெண்டலீவே 1888இல் உக்ரைனில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வெடிப்புகளிலிருந்து ஹைட்ரஜன் கசிவதைக் குறித்திருக்கிறார். தெற்கு ஆஸ்திரேலியாவில் யார்க் தீபகற்பத்தில் 1931இல் பெட்ரோலியம் தேடித் துளை போட்டவர்களுக்கு முக்கால் பங்குக்கு மேல் ஹைட்ரஜனாக வாயு கிடைத்தது. அவர்களுக்கு வேண்டியது எண்ணெய், அது வரவில்லை. கிணற்றைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். அரசின் நிலவியல் அறிஞர் கீத் வார்ட் அந்த அளவீடுகளைப் பதிவு செய்து வைத்தார். தொண்ணூறு ஆண்டுகள் அந்தத் தாள் தூங்கியது. 2023இல் ஒரு நிறுவனம் அதே கிணற்றுக்குப் பக்கத்தில் புதிதாகத் துளையிட்டது. சுமார் 240 மீட்டர் ஆழத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் இருந்தது. பழைய தாள் சொன்னது சரியாகவே இருந்தது.

அறிஞர்கள் ஏன் கவனிக்கவில்லை என்பதற்கும் காரணங்கள் உண்டு. ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு, பாறையில் தங்காமல் ஓடிவிடும், இல்லையென்றால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும் என்றே நம்பினார்கள். எண்ணெய் தேடுகிறவர்கள் படிவுப் பாறைகளில் தேடினார்கள். ஹைட்ரஜன் பிறப்பதோ இரும்பு மிகுந்த பழம்பாறைகளில். எடுத்த வாயுவைச் சோதிக்கும்போதும் பல இடங்களில் ஹைட்ரஜன் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமே இல்லை. பட்டியலில் இல்லாத பொருளைக் கருவி எப்படிக் காட்டும்?

பிரான்சில் நடந்ததும் இப்படித்தான். லொரேன் பகுதியில் பழைய நிலக்கரி வயலில் மீத்தேனை அளக்கப் போனார்கள். 1,100 மீட்டரில் சுமார் 15 விழுக்காடு ஹைட்ரஜன். இன்னும் கீழே போனால் அளவு கூடியது. 2023இல் அங்கே 4.6 கோடி டன் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

அல்பேனியாவின் புல்கிசா குரோமைட் சுரங்கத்தின் கதை மட்டும் வேறு. அங்கே ஹைட்ரஜன் தொழிலாளர்களின் எமன். பலமுறை வெடித்து உயிர்களைப் பறித்திருக்கிறது. 2024இல் வந்த ஆய்வின்படி அந்தச் சுரங்கத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் ஹைட்ரஜன் வெளியேறுகிறது. சுரங்கத்துக்குள் ஒரு குட்டையில் கொப்பளிக்கும் வாயுவில் 84 விழுக்காடு ஹைட்ரஜன்தான். மாலித் தொழிலாளியின் முகத்தைச் சுட்டதும் இதே வாயுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உலகத்துக்கு என்ன அக்கறை? இன்று உலகம் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. உரத்துக்கான அம்மோனியா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு இவற்றுக்கே பெரும்பகுதி போகிறது. கிட்டத்தட்ட முழுவதையும் இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான் செய்கிறார்கள். இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு டன் ஹைட்ரஜன் செய்தால் 9 அல்லது 10 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, நிலக்கரியிலிருந்து என்றால் இன்னும் அதிகம். நிலத்தடி ஹைட்ரஜன் கிடைத்தால் இதில் பெரும்பங்கைத் தவிர்க்கலாம். அமெரிக்க நிலவியல் துறையைச் சேர்ந்த இருவர் 2024 டிசம்பரில் வெளியிட்ட கணக்கில், பூமிக்கடியில் 5.6 லட்சம் கோடி டன் இருக்கக்கூடும் என்றார்கள். செய்தித்தாள்கள் இந்த எண்ணோடு நின்றுவிட்டன. அதில் பெரும்பகுதி எட்டாத ஆழத்திலோ, எடுத்தாலும் கட்டுப்படியாகாத சிறு சிறு திட்டுகளிலோ இருக்கலாம் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். லொரேனின் 4.6 கோடியும் மதிப்பீடுதான், அளந்து எடுத்த சரக்கு அல்ல. இதற்கு "வெள்ளை ஹைட்ரஜன்" என்று பெயர் வைத்துப் பங்கு விற்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. (அந்த வாயுவுக்கு நிறமே கிடையாது, அதுவும் எட்டாம் வகுப்புப் பாடம்தான்.) உறவினர்களில் யாராவது இதில் பணம் போட நினைத்தால், வெளிச்சம் கிடைத்ததாக நான் சொன்னது ஒரே ஒரு கிராமத்துக்கு என்பதை மறக்க வேண்டாம்.

மாணவர்களே, உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். நான் எழுதிப்போட்ட அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்: ஹைட்ரஜன் இயற்கையில் பெரும்பாலும் சேர்மங்களாகவே கிடைக்கிறது. அந்தக் கோடிட்ட இடத்தில் "கிடைக்கும்" என்று எழுதி என்னிடம் ஒரு மதிப்பெண் இழந்தவர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பழைய நோட்டு இருந்தால் படமும் போடுங்கள், இங்கேயே திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.