கார்மென்: நாடு விட்டு நாடு போன நாயகி

சினிமா எத்தனையோ நாயகிகளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறது. ஆனால் ஹாலிவுட், பெர்லின், ஜப்பான், செனகல், தென்னாப்பிரிக்கா என்று போன இடமெல்லாம் ஒரே பெயரோடு திரும்பத் திரும்பத் திரையேறியவள் கார்மென். அவளைத் தெரியாதவர்களுக்கும் அவள் பாட்டு தெரிந்திருக்கும். 'அப்' அனிமேஷன் படத்தில் முதியவர் கார்ல் மாடிப்படி நாற்காலியில் அமர்ந்து மெல்ல இறங்கி வருவாரே, அப்போது ஒலிப்பது அவளுடைய பாட்டின் மெட்டுதான்.

கார்மென் என்ற பெயர் பக்தியில் பிறந்தது. இன்றைய இஸ்ரேலின் ஹைஃபா நகரையொட்டி நிற்கும் கார்மேல் மலை, கத்தோலிக்கர்களுக்குப் புனிதமானது. நம் ஊரில் பல பள்ளிகளுக்குப் பெயர் தந்திருக்கும் அதே கார்மேல் அன்னையின் நினைவாகத்தான் ஸ்பெயினில் பெண் குழந்தைகளுக்குக் கார்மென் என்று பெயர் வைத்தார்கள். யாரையும் பயமுறுத்தாத, பக்தியான பெயர்.

அந்தப் பெயருக்கு வேறொரு விதியை எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ப்ராஸ்பர் மெரிமே. 1830இல் ஸ்பெயினைச் சுற்றிப் பார்க்கப் போன அவருக்கு மோன்டிஹோ குடும்பத்துச் சீமாட்டி ஒருவரின் நட்பு கிடைத்தது. அவருடைய மகள் யூஜெனி பின்னாளில் மூன்றாம் நெப்போலியனை மணந்து பிரான்சின் பேரரசியானவர். மலகா நகரத்து முரடன் ஒருவன் தன் காதலியைக் கொன்ற கதையை அந்தச் சீமாட்டி பேச்சுவாக்கில் சொல்ல, அது மெரிமேயின் மனதில் 15 ஆண்டுகள் கிடந்தது. 1845இல் அதை எழுதி முடித்ததும் சீமாட்டிக்கே கடிதம் போட்டு, கதை நீங்கள் சொன்னதுதான் என்று ஒப்புக்கொண்டார். கொஞ்ச நாளாக ஜிப்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பதால் நாயகியையும் ஜிப்சியாக்கிவிட்டேன் என்றும் அதில் எழுதினார். அவர் படித்ததில் முக்கியமானது, ஸ்பெயினில் பைபிள் விநியோகிக்கப் போன ஜார்ஜ் பாரோ என்ற ஆங்கிலேயரின் புத்தகம். கார்மெனை ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா இனத்துப் பெண்ணாக்கியது ஓர் எழுத்தாளரின் அந்த நேரத்து வாசிப்பு. அதன் சுமையை ரோமா மக்கள் இன்றுவரை சுமக்கிறார்கள்.

அவளுக்கு மெரிமே கொடுத்த வேலை மட்டும் அசலானது. செவில் நகரத்து அரசுப் புகையிலை ஆலையில் பெரிய கூடங்களில் கூட்டங்கூட்டமாகப் பெண்கள் உட்கார்ந்து சுருட்டு உருட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. இப்போது அதில் செவில் பல்கலைக்கழகம் நடக்கிறது.

கதையை இசைநாடகமாக்கிய ஜார்ஜ் பிஸே ஸ்பெயின் மண்ணை மிதித்ததே இல்லை. 1875 மார்ச் 3 அன்று பாரிஸின் ஒபேரா-கோமிக் அரங்கில் அது மேடையேறியது. வரன் பார்க்கும் குடும்பங்கள் கூடுகிற அரங்கம் அது. அங்கே மேடையிலேயே ஒரு பெண்ணைக் குத்திக் கொல்வதா என்று நிர்வாகிகளில் ஒருவர் முன்பே பதவி விலகியிருந்தார். முதல் கார்மெனாக நடித்த காலி-மாரியே, தன் அறிமுகப் பாட்டு சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார். கடைசியில் பிஸே நாட்டுப்பாடல் என்று நம்பிய ஒரு மெட்டை எடுத்து மாற்றியமைத்தார். அது ஊர் பேர் தெரியாத பாட்டல்ல. கியூபாவுக்குப் போய்வந்த ஸ்பானிய இசையமைப்பாளர் இராதியெர், ஹவானா நகரத்து நடன தாளத்தில் போட்டது. உண்மை தெரிந்ததும் பிஸே இசைப்பிரதியிலேயே மூலத்தைக் குறிப்பிட்டார். ஆக, ஸ்பெயினின் அடையாளமென்று உலகம் நினைக்கிற பாட்டின் தாளம் கரீபியக் கடலிலிருந்து வந்தது. 33ஆம் முறை நாடகம் நடந்த அன்றிரவு, 36 வயதில் பிஸே இறந்துபோனார். அதே ஆண்டு வியன்னாவில் கிடைத்த வெற்றியை அவர் பார்க்கவில்லை.

சினிமாவுக்கு வந்தபோதும் தற்செயல்கள் தொடர்ந்தன. 1915இல் செசில் பி. டிமில் தன் 'கார்மெனுக்கு' நியூயார்க்கின் புகழ்பெற்ற இசைநாடகப் பாடகி ஜெரால்டீன் ஃபாராரை அழைத்துவந்தார். படமோ ஊமைப்படம். நாடகப் பிரதிக்குப் பதிப்புரிமை இருந்ததால், உரிமை தீர்ந்துபோன மெரிமேயின் பழைய கதையை வைத்துத் திரைக்கதை எழுதினார்கள். அதே ஆண்டில் போட்டிக் கம்பெனி தீடா பாராவை வைத்து இன்னொரு கார்மெனை வெளியிட்டது. சார்லி சாப்ளின் உடனே இரண்டு ரீலில் ஒரு கேலிப் படம் எடுத்தார். அவர் எஸ்ஸனே கம்பெனியை விட்டுப் போனதும், வெட்டிப்போட்ட துண்டுகளையும் புதுக் காட்சிகளையும் ஒட்டி அதை நான்கு ரீலாக நீட்டி விற்றார்கள். சாப்ளின் வழக்குப் போட்டுத் தோற்றார். அதன்பின் தன் படத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதை ஒப்பந்தங்களில் எழுதி வாங்கினார்.

1938இல் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்ததால் இயக்குநர் ஃப்ளோரியன் ரே, நடிகை இம்பீரியோ அர்ஹென்தினாவோடு பெர்லினுக்குப் போய் 'கார்மென்' எடுத்தார். ஸ்டுடியோவில் ஜிப்சிப் பெண்ணின் ஆட்டமும் பாட்டும் படமாகிக்கொண்டிருந்த அந்த நகரத்திலேயே, 1936 முதல் மார்ட்சான் முகாமில் ரோமா மக்களையும் அவர்களின் கிளையினரான சின்டி மக்களையும் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்திருந்தது நாஜி அரசு.

போருக்குப் பின் அவள் ஜப்பானில் தென்பட்டாள். கெய்சுகே கினோஷிடாவின் 'கார்மென் ஊர் திரும்புகிறாள்' (1951) ஜப்பானின் முதல் முழுநீள வண்ணத் திரைப்படம். டோக்கியோவில் ஆடை களைந்து ஆடும் நடனக்காரி ஒருத்தி, லில்லி கார்மென் என்ற மேடைப் பெயரோடு அசாமா எரிமலை அடிவாரத்துச் சொந்தக் கிராமத்துக்கு வருகிறாள். கொலை இல்லை, கார்மெனைக் கொல்லும் காதலன் ஹோசேயும் இல்லை. பெயர் மட்டும்தான் ஸ்பெயினிலிருந்து வந்தது. உள்நாட்டு ஃபூஜி வண்ணப் பிலிமுக்கு ஏராளமான வெளிச்சம் தேவைப்பட்டதால் பெரும்பாலும் வெட்டவெளியில் படம்பிடித்தார்கள். வண்ணம் சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று கறுப்பு வெள்ளையிலும் தனியாக ஒருமுறை எடுத்து வைத்தார்கள். நாயகி ஹிதேகோ தகாமினே ஆடியதையே மறுபடி ஆட வேண்டியிருந்தது.

1954இல் அமெரிக்காவின் 'கார்மென் ஜோன்ஸ்' வந்தது. நடிகர்கள் அனைவரும் கறுப்பின மக்கள். சுருட்டாலை பாராசூட் தொழிற்சாலையானது, இசைநாடகத்தில் வரும் காளைச் சண்டை வீரன் குத்துச்சண்டை வீரனானான். டோரதி டான்ட்ரிட்ஜ், சிறந்த நாயகிக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அவரே நல்ல பாடகி. ஆனாலும் பாட்டுக்கு மெரிலின் ஹார்ன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் குரலை வைத்தார்கள்.

1983, 84 ஆகிய இரண்டே ஆண்டுகளில் கார்லோஸ் சௌரா, கோதார், பீட்டர் புரூக், ஃப்ரான்செஸ்கோ ரோசி என நான்கு பெரிய இயக்குநர்கள் அவளைப் படமாக்கினார்கள். சௌரா ஃப்ளமெங்கோ நடன ஒத்திகைக் கூடத்தில் கதையை அமைத்து, அவளை ஸ்பெயினுக்கே மீட்டுக் கொடுத்தார்.

2001இல் செனகலின் ஜோசப் காய் ராமகா, அடிமை வணிகத்தின் நினைவு படிந்த கோரே தீவின் பெண்கள் சிறையில் 'கார்மென் கெய்' படத்தைத் தொடங்கினார். பிஸேயின் இசைக்குப் பதில் சபார் மேளம் முழங்கியது. 2005இல் கேப் டவுனையொட்டிய கயலிட்ஷாவில் எடுத்த படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வென்றது. பிஸேயின் இசை முழுக்க ஹோசா மொழியில் ஒலிக்கும் படம் அது. நாயகியாகப் பாடி நடித்த பாலின் மலஃபானேவுக்கு மொழிபெயர்ப்பிலும் பங்குண்டு.

தொழில், நிறம், மொழி என்று எல்லாவற்றையும் மாற்றியவர்களில் பெரும்பாலோர் முடிவை மட்டும் மாற்றவில்லை. தன்னை விட்டுப் போகிறவளைக் கொல்லும் ஆண்மீது இரக்கம் வரும்படி ஒன்றரை நூற்றாண்டாகக் கதை சொல்லி வருகிறோம். பெண்கள்மீதான வன்முறையை எதிர்த்து, 2018இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்து மேடையில் கார்மெனே ஹோசேயைச் சுடும்படி மாற்றினார்கள். அது இசை ரசிகர்களிடையே பெரிய சண்டையைக் கிளப்பியது. என் ஓட்டு ஃப்ளாரன்ஸுக்குத்தான். ஒரே ஒரு கார்மெனைப் பார்க்கத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறதென்றால், கயலிட்ஷாவின் கார்மெனைப் பாருங்கள்.