அணுகுண்டின் வெடிப்பு உயரமும் பொக்ரான் சோதனைகளும்

அணுகுண்டின் ஆற்றலைப் போலவே, அது வெடிக்கும் உயரமும் அதன் விளைவுகளைத் தீர்மானிக்கிறது. இந்தியா தன் அணுவெடிச் சோதனைகளை இராசத்தானின் பொக்ரானில் நிலத்தடியில் நடத்தியதற்கான காரணமும் இதில் அடங்கியுள்ளது.

காற்றில் வெடித்தல்

1945 ஆகஸ்ட் 6 அன்று இரோசிமாவுக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலும், ஆகஸ்ட் 9 அன்று நாகசாகிக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் குண்டுகள் வெடித்தன. இவ்வுயரங்கள் திட்டமிடப்பட்டவை. தரையில் மோதித் திரும்பும் அதிர்ச்சி அலை, முதல் அலையோடு இணைந்து வலுப்பெறும். அழிவின் பரப்பும் விரியும். தீக்கோளம் தரையைத் தொடாததால் மண் உறிஞ்சப்படவில்லை. பின்னர் படிந்த கதிரியக்கத் தூசும் ஒப்பளவில் குறைவே. ஆயினும் வெடித்த கணத்தில் வெளிப்பட்ட வெப்பமும் கதிர்வீச்சும் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தன.

தரையில் வெடித்தல்

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 15 மெகாடன் குண்டைத் தரைமட்டத்தில் வெடித்தது. தூளான பவளப்பாறை கதிரியக்கச் சாம்பலாக மாறிக் காற்றில் பரவியது. தொலைவில் இருந்த சப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேரும் பாதிக்கப்பட்டனர். ஒருவர் அவ்வாண்டே இறந்தார். அடுத்த மாதம், ஏப்ரல் 2 அன்று, இத்தகைய சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் நேரு கோரினார்.

மிக உயரத்தில் வெடித்தல்

1962 சூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் நடந்த வெடிப்பால் தரையில் கட்டடம் எதுவும் இடியவில்லை. ஆனால் மின்காந்தத் துடிப்பால், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் இருந்த அவாயில் தெருவிளக்குகள் சில அணைந்தன.

நிலத்தடியில் வெடித்தல்

வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகியவற்றில் அணுவெடிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1963-இல் உருவானது. இந்தியாவும் கையெழுத்திட்டது. நிலத்தடிச் சோதனைக்கு மட்டுமே அதில் இடமிருந்தது.

1974 மே 18 அன்று பொக்ரானில் 107 மீட்டர் ஆழத்தில் முதல் சோதனை நடந்தது. போதிய ஆழத்தில் வெடித்தால் உருகிய பாறை கதிரியக்கப் பொருள்களின் பெரும்பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்தும். ஆழம் குறைந்தால் அவை வெடிப்பின் வழியே வெளியேறும். எனவே ஆழத்தைக் கணிப்பது பாதுகாப்புக் கணக்காகும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இராசகோபால சிதம்பரம் 1974 சோதனையில் பங்கேற்றார். 1998 மே மாதம் நடந்த ஐந்து வெடிப்புகளின்போது அவர் அணுசக்தித் துறையையும், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பையும் வழிநடத்தினர்.

நிலத்தடிச் சோதனையில் அடங்கிய அதே ஆற்றல் நகரின் மேல் வெடித்தால், இரோசிமாவே மீண்டும் நிகழும்.