ஒரே போட்டி, பல தடாகங்கள்

நீச்சற் சம்பியன் போட்டி என்றதும் எவர் மனக்கண்ணிலும் தோன்றும் காட்சி ஒன்றுண்டு. தெளிந்த நீர் நிறைந்த தடாகம், அதனைப் பாதைகளாகப் பிரிக்கும் மிதவைக் கயிறுகள், மேடைகளின்மீது குனிந்து நிற்கும் வீரர்கள், ஓர் ஒலி, ஒரு பாய்ச்சல். எவர் கை முதலிற் சுவரைத் தொடுகின்றதோ அவரே வென்றவர். நாட்டின் தலைசிறந்தோர் அனைவரும் ஒரே நீரில், ஒரே வேளையில் இறங்குவதனாலேயே அதற்குத் தேசியப் போட்டி என்னும் பெயர் பொருந்துகின்றது என்பது நெடுங்கால எண்ணம்.

2020ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற தேசிய நீச்சற் போட்டி இந்த எண்ணத்தைச் சோதனைக்கு உள்ளாக்கியது. போட்டி ஒன்றே, தடாகங்களோ பல. வீரர்கள் தத்தம் மாநிலத்துத் தடாகங்களிலே நீந்தினர். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரங்கள் மாத்திரமே மாநில எல்லைகளைக் கடந்து வந்து ஒரே பட்டியலிற் சேர்ந்தன. ஒருவரையொருவர் காணாதவர்களிடையே ஒரு போட்டி நடைபெறுதல் கூடுமா? அவ்வாறு கிடைத்த வெற்றி மெய்யான வெற்றிதானா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கொவிட் பெருந்தொற்று உலகெங்கும் பரவிய 2020 மார்ச் மாத இறுதியில் அவுஸ்திரேலியாவின் பொதுத் தடாகங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு ரோக்கியோ ஒலிம்பிக் விழாவுக்குத் தன் அணியை அனுப்ப இயலாதென அந்நாட்டு ஒலிம்பிக் சபை மார்ச் 23ஆம் திகதி அறிவித்தது. மறுநாளே விழா ஓராண்டு பின்போடப்பட்டது. நீச்சல் வீரருடைய வாழ்வில் ஓராண்டு என்பது சிறிய காலமன்று. அவருடைய உடல் உச்ச நிலையில் நிற்கும் ஆண்டுகள் மிகச் சிலவே. ஓட்டக்காரர் வீதியில் ஓடிப் பழகலாம். பளு தூக்குவோர் வீட்டு முற்றத்திலே பழகலாம். நீரில்லாத இடத்தில் நீச்சல் வீரர் செய்யத்தக்கது சொற்பமே.

அவுஸ்திரேலியா கூட்டாட்சி நாடு. நோயைத் தடுப்பதற்காக மாநிலங்கள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் எல்லைகளை மூடின. நியூ சவுத் வேல்சுக்கும் விக்டோரியாவுக்கும் இடைப்பட்ட எல்லை 2020 யூலை 8ஆம் திகதி மூடப்பட்டது. அதற்கு முன்னர் அவ்வெல்லை மூடப்பட்டது 1919ஆம் ஆண்டில், இன்புளுவென்சாப் பெருந்தொற்று அந்நாட்டை வாட்டியபோதாகும். ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அதே கதவு மீண்டும் சாத்தப்பட்டது. விக்டோரியாவின் தலைநகராகிய மெல்பேண் 112 நாட்கள் முடங்கிக் கிடந்து, ஒக்டோபர் மாத இறுதியிலேதான் வெளியே வந்தது. மூடிய எல்லை நவம்பர் 23ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்னரே தென் அவுஸ்திரேலியாவில் நோய் தலைகாட்டியதால் அங்கே ஆறு நாள் முடக்கம் அறிவிக்கப்பட்டு, மூன்று நாட்களில் நீக்கப்பட்டது. எந்த நகரம் எப்பொழுது மூடப்படும் என்று எவரும் சொல்லமுடியாத அந்நிலையில், நாடெங்குமுள்ள வீரர்களை ஒரு நகரிலே கூட்டுவது எங்ஙனம்?

தனிமைப்படுத்தற் சட்டத்தின் காரணமாக ஒரு விளையாட்டு விழாவைப் பிரித்து நடத்தவேண்டிய நிலை அவுஸ்திரேலியாவுக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா மெல்பேண் நகரில் நடைபெற்றது. ஆயினும் அவ்விழாவின் குதிரையேற்றப் போட்டிகள் மாத்திரம் ஐந்து மாதங்களுக்கு முன்னரே, யூன் மாதத்தில், சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் நடத்தப்பட்டன. வெளிநாட்டுக் குதிரைகள் கொண்டுவரக்கூடிய நோய்களுக்கு அஞ்சிய அவுஸ்திரேலியா, தன் கடுமையான தனிமைப்படுத்தற் சட்டத்தைத் தளர்த்த மறுத்தமையே இதன் காரணம். ஆயினும் அன்று பிரிந்தவை வெவ்வேறு விளையாட்டுக்களே. குதிரை வீரர் அனைவரும் ஓரிடத்திலேயே போட்டியிட்டனர். 2020இலோ ஒரே பந்தயமே பல துண்டுகளாயிற்று.

ஒரு பந்தயத்தை இவ்வாறு பிரித்தல் கூடுமென்றால் அதற்கு அடிப்படை அளவு ஒன்றே. காற்பந்தாட்டத்தை இருவேறு நகரங்களில் நின்று ஆடமுடியாது. நீச்சலிலோ ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பாதை உண்டு. அவர் பாதையில் மற்றவர் புகுவதில்லை. தடாகத்தின் நீளமும் கடிகாரமும் சரியாக இருப்பின் ஒருவருடைய நேரத்தை மற்றொருவருடைய நேரத்தோடு ஒப்பிடலாம். ஆனால் இந்த அளவை மனிதர் நம்பத் தொடங்கியது எளிதிலே நிகழவில்லை.

1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் விழாவின் 100 மீற்றர் நீச்சற் போட்டியில் அவுஸ்திரேலியரான ஜோன் டெவிற்றும் ஐக்கிய அமெரிக்கரான லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒருசேரச் சுவரைத் தொட்டனர். அக்காலத்தில் கண்ணாற் கண்டு தீர்ப்புக் கூறும் நடுவர்களே முடிவு செய்தனர். டெவிற்றுக்கு மூன்று கைக்கடிகாரங்களும் 55.2 செக்கன் எனக் காட்டின. லார்சனுக்கு ஒன்று 55.0 எனவும், மற்றை இரண்டும் 55.1 எனவும் காட்டின. கடிகாரம் ஒருவரை வென்றவர் என்றது. நடுவர் தீர்ப்போ மற்றவருக்குச் சென்றது. தங்கப் பதக்கம் டெவிற்றுக்கே வழங்கப்பட்டது. நெடுங்காலம் நீடித்த இச்சர்ச்சை, கண்ணைவிட நம்பத்தக்க ஒரு சாதனம் வேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்தியது. வீரரின் கை பட்டவுடன் தானே கடிகாரத்தை நிறுத்தும் தொடுபலகை 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ விழாவில் ஒலிம்பிக் அரங்கேறியது.

அளவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1972ஆம் ஆண்டு மியூனிக் விழா காட்டிற்று. 400 மீற்றர் கலப்பு நீச்சலிற் சுவீடன் வீரர் ஒருவர் ஐக்கிய அமெரிக்க வீரரை ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கினால் வென்றார். அந்நேரத்தில் அவ்வீரர் கடக்கும் தூரம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மாத்திரமே. கல்லாலும் காரையாலும் கட்டப்பட்ட தடாகத்தில் ஒரு பாதைக்கும் மற்றொரு பாதைக்குமிடையே அதைவிடப் பெரிய வேறுபாடு இருத்தல் கூடும். எனவே அதன்பின்னர் நூறில் ஒரு பங்குவரை மாத்திரம் கணக்கிடுவதென விதி செய்யப்பட்டது. அதற்குள் இருவர் சமமாயின் இருவரும் சமமே. தான் அறியக்கூடியது எவ்வளவு, அறியமுடியாதது எவ்வளவு என்பதை அளவு தானே ஒப்புக்கொண்டபோதுதான் அது நம்பத்தக்கதாயிற்று.

2020இல் அவுஸ்திரேலியர் தங்கள் போட்டியைக் கட்டியெழுப்பியது இந்த நம்பிக்கையின்மீதே. அது 25 மீற்றர் நீளமுள்ள குறுந்தடாகங்களில் நடைபெறும் போட்டியாகும். ஒலிம்பிக் விழாவில் வழங்கும் 50 மீற்றர்த் தடாகத்திலும் இதிற் சுவரைத் தொட்டுத் திரும்புதல் மிகுதி. ஆதலால் நேரங்களும் வேறு. நாட்டின் பரப்போ மிகப் பெரிது. கிழக்கே பிறிஸ்பேனுக்கும் மேற்கே பேர்த்துக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். நவம்பர் மாதத்திலே சிட்னியில் மாலை 7 மணியாகும்போது அடிலெயிட்டில் 6.30, பிறிஸ்பேனில் 6, பேர்த்தில் 4. ஒரே வேளை என்னும் சொல்லே அங்குப் பொருளிழந்து நின்றது. பொருளிழக்காதது தொடுபலகை காட்டிய நேரம் ஒன்றே.

ஆயினும் இம்முறையில் இழப்பு இல்லாமலில்லை. நெருங்கிய போட்டியில் வீரர் மூச்சுக்காகத் தலை திருப்பும் கணத்தில் அடுத்த பாதையில் வருபவரைக் காண்கின்றார். தாம் அறியாத வலிமை அப்போது அவருக்குள்ளிருந்து எழுகின்றது. அடுத்தவர் வேறொரு நகரில் இருப்பின் அந்தத் தூண்டுதல் இல்லை. சுவரைத் தொட்டபின் பலகையில் தம் நேரத்தைக் காணலாம். தாம் வென்றாரா தோற்றாரா என்பதை மற்றைய நகரங்களின் நேரங்கள் வந்து சேரும்வரை அறியமுடியாது. தோற்றவர் கயிற்றின் மேலாகக் கை நீட்டி வென்றவரை வாழ்த்தும் அந்த அழகிய வழக்கமும் அங்கே நிகழ இடமில்லை.

இத்தகைய போட்டியிலேதான் உலகம் வியந்த செயலொன்று நடந்தது. நவம்பர் 28ஆம் திகதி பிறிஸ்பேன் நகரில், 19 வயதுடைய கெய்லி மக்கியோன் மல்லாந்து நீந்தும் 200 மீற்றர்ப் போட்டியை 1 நிமிடம் 58.94 செக்கனில் முடித்தார். குறுந்தடாகத்தில் அதற்கு முந்திய உலக சாதனை, ஹங்கேரியின் கற்றிங்கா ஹொஸு 2014ஆம் ஆண்டு டோகா நகரில் நிலைநாட்டிய 1 நிமிடம் 59.23 செக்கனாகும். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே தம் தந்தையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் மக்கியோன். தடாகங்கள் மூடிக் கிடந்த ஆண்டில், வீட்டில் துயரம் சூழ்ந்திருந்த ஆண்டில், ஆறாண்டுச் சாதனையை அவர் 0.29 செக்கனால் வென்றார். அவர் வென்றது பக்கத்துப் பாதையில் நீந்தியவரை மாத்திரமன்று. ஆறாண்டுகளுக்கு முன்னர் அரபு நாடொன்றில் நீந்திய ஒருவரையுமாகும்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. உலக சாதனை எனப்படுவது எக்காலத்திலும் பல தடாகங்களிடையே நிகழும் போட்டியே. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கண்டங்களில், ஒருவரையொருவர் காணாத வீரர்கள் ஒரே கடிகாரத்தின் முன்னிலையில் இடையறாது போட்டியிட்டு வந்துள்ளனர். பெருந்தொற்று அந்தப் பழைய வழக்கத்தை மூன்று நாட் போட்டிக்குள் சுருக்கிக் காட்டியது எனலாம். மக்கியோனின் அந்தச் சாதனையும் பின்வந்த ஆண்டுகளில் முறியடிக்கப்பட்டது. அதுவே அத்தொடர்போட்டியின் இயல்பு.

2021 யூன் மாதத்தில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்காக அவுஸ்திரேலிய வீரர்கள் அடிலெயிட் நகரில் ஒரே தடாகத்திற் கூடினர். மல்லாந்து நீந்தும் 100 மீற்றரை 57.45 செக்கனில் முடித்து மக்கியோன் அங்கும் உலக சாதனை படைத்தார். அதன்பின்னர், பார்வையாளர் அற்ற ரோக்கியோ அரங்கில், மல்லாந்து நீந்தும் 100 மீற்றர், 200 மீற்றர் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வென்றதோடு, கலப்பு நீச்சல் அஞ்சலோட்டத்திலும் பங்கேற்று மூன்றாவது தங்கத்தைப் பெற்றார். அவ்விழாவில் அவுஸ்திரேலிய நீச்சல் அணி பெற்ற தங்கப் பதக்கங்கள் ஒன்பது. 1956இல் மெல்பேணிற் பெற்ற எட்டே அதற்குமுன் அந்நாட்டின் உச்சமாக இருந்தது.

பிரிந்து நின்று நீந்தியமையே இவ்வெற்றிக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் நம்பிக்கை தளர்ந்திருந்த ஓராண்டின் இறுதியில் அப்போட்டி வீரர்களுக்கு அளித்தது சிறிதன்று. பயிற்சிக்கு ஒரு குறிக்கோள், எழுந்து செல்ல ஒரு நாள், தம் உழைப்பைப் பதிவுசெய்ய ஒரு பட்டியல் ஆகியவற்றை அது அளித்தது. சம்பியன் போட்டிக்கு ஒரே நீர் சிறப்புத் தரும். பக்கத்துப் பாதையில் ஒரு தோழர் இருப்பது இன்பம் தரும். இரண்டும் இயலாதபோது எஞ்சுவது நேர்மையான அளவு. அது நிலைத்திருக்கும்வரை, எல்லைகள் மூடிக்கிடந்தாலும் போட்டி என்னும் சொல் தன் பொருளை இழப்பதில்லை.