பத்துத் தாள்கள், ஒரே அறிவிப்பாளர்

தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயலில் 1586ஆம் ஆண்டிலேயே ‘அடியார் வரலாறு’ என்னும் கிறித்தவ நூல் தமிழில் அச்சேறியது. அங்கிருந்து சில கல் தொலைவில்தான் காயல்பட்டினம். ஆயினும் உமறுப் புலவரின் சீறாப்புராணம், பாடப்பெற்று ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஏட்டுச்சுவடியிலேயே தங்கிவிட்டது. 1835இல் அச்சுச் சட்டம் தளர்ந்து, நம் நாட்டவர் அச்சகங்கள் பெருகத் தொடங்கிய பின்னரே, காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் அதைப் பதிப்பித்தார்கள். புலமைக்கு நம்மிடம் குறைவில்லை. அச்சுப்பொறி பிறர் கையில் இருந்தது.

நாளிதழ்களின் வரலாற்றிலும் நெல்லைச் சீமைக்குத் தனி இடமுண்டு. 1942இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், அன்றைய நெல்லை மாவட்டத்துக் காயாமொழிக்காரர். 1951இல் திருவனந்தபுரத்தில் பிறந்த ‘தினமலர்’ 1957இல் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. ‘மாலைமுரசு’ நெல்லையிலேயே முளைத்தது. அதுவும் ஆதித்தனார் குடும்பத்தின் கிளையே. 1977இல் ‘தினகரன்’ இதழைத் தொடங்கிய கே.பி. கந்தசாமி ஆதித்தனாரின் மருமகன். 2005இல் அவ்விதழ் சன் குழுமத்தின் கைக்குப் போயிற்று. தேநீர்க் கடைப் பலகையில் நாம் புரட்டும் தாள்கள் பல. அவற்றின் வேர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். செய்தி கொண்டுவருபவன் நம்பத்தகாதவனாயின் அதைத் தீர விசாரியுங்கள் என்பது திருக்குர்ஆன் (49:6) இடும் கட்டளை. விசாரிப்பதற்கு வேறொரு வாயில் வேண்டுமே! நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை நுட்பமாக அறிந்திருந்தார்கள். பத்துப் பேர் அறிவித்தாலும், பத்துப் பேரும் ஒரே ஆசிரியரிடம் மட்டுமே கேட்டிருந்தால், அந்த இடத்தில் அதனை ஒற்றை வழியாகவே கணக்கிட்டார்கள். தலைமுறைதோறும் பலர், கூடிப் பேசிப் பொய்யுரைத்திருக்க இயலாத அளவுக்கு வெவ்வேறு வழிகளில் அறிவித்ததையே ‘முதவாத்திர்’ என்றார்கள். நாளிதழும் தொலைக்காட்சியும் பண்பலை வானொலியும் ஒரே உரிமையாளருடையவை எனில், மேலப்பாளையத்தைப் பற்றி அவை மூன்றும் ஒரே சொல்லைச் சொல்லும்போது நாம் கேட்பது எத்தனை சாட்சிகளை?

கேபிள் தொலைக்காட்சியிலும் இதே கதைதான். தனியார் ஆதிக்கத்துக்கு மாற்றாக 2007இல் அரசு கேபிள் நிறுவனம் உருவாக்கப்பட்டது; பின்னர் முடங்கியது. 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மீண்டெழுந்தது. மக்களுக்குச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் எந்த அலைவரிசை வீட்டுக்குள் வரலாம் என்னும் திறவுகோல் ஆட்சியாளர் கைக்கு மாறியது. அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

பிறரை மட்டும் குறைகூறல் நீதியன்று. பா. தாவூத்ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ பல்லாண்டுகள் ஒரு மனிதரின் தோளிலேயே நின்றது. அவருக்குப் பின் அதைத் தாங்க நம்மில் தோள்கள் இல்லை. திருமண மண்டபத்துக்கு இலட்சங்களை எண்ணிவைக்கும் நாம், இதழ்ச் சந்தாவைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறோம். மேலும், நம் இதழ்களிற் பல ஓர் அமைப்பின் குரலாகவே ஒலிக்கின்றன. அவ்வமைப்பைப் பற்றிய கேள்விக்கு அங்கே பக்கமில்லை.

விதிவிலக்கும் உண்டு. நெல்லையில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துவந்த தோப்பில் முஹம்மது மீரான், கடலோர முஸ்லிம் ஊரொன்றின் செல்வர் ஆணவத்தையும் மூடப் பழக்கங்களையும் ஒளிவின்றி எழுதினார். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாகும் முன்னர் அதைத் தொடராக ஏற்றுக்கொண்டது ‘முஸ்லிம் முரசு’ என்னும் நம் சமுதாயத்துச் சிற்றிதழ்தான். 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்காக அவரைச் சாகித்திய அகாதமி விருது தேடிவந்தபோது, பெரிய நாளிதழ்களும் அவர் பெயரை அச்சிட்டன.