முகாமில் வளர்ந்த தலைமுறை: வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய ஒரு மீள்நோக்கு

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் தம் அயலவரோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் இளமைக்காலம் ஒரு சான்றாகும். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கல்வி கற்று, இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமாகத் திகழ்ந்தார். சைவப் பாடசாலையின் வாங்கிலே முஸ்லிம் சிறுவன் ஒருவன் அமர்ந்து பயில்வதை வியப்பாகக் கருதாத காலம் அது.

அவ்வுறவு 1990 ஒக்டோபரில் அறுக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் இயக்கம் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றியது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ் நகர மக்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே. ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில், பிள்ளைகள் ஓடி விளையாடிய அதே மண்ணில், அக்கட்டளை அறிவிக்கப்பட்டது. பணமும் நகைகளும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவின் மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். கண்ணீருடன் வழியனுப்பிய தமிழ் அயலவரையும் இம்மக்கள் நன்றியுடன் நினைவுகூர்வதை நாம் மறத்தலாகாது.

புத்தளம் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். குடிசையமைக்கக் காணிகளை வழங்கினர். மதீனத்து அன்ஸார்களின் முன்மாதிரி நம் கண்முன்னே மீண்டும் தோன்றியது எனலாம். எனினும், ஸஃது இப்னு ரபீஃ (ரழி) தமது செல்வத்திற் பாதியை வழங்க முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) சந்தைக்கு வழிகேட்ட செய்தியையும் நாம் அறிவோம். உழைத்து நிமிரவே அகதியும் விரும்புகின்றான். ஆனால், கடைகளுக்கும் காணிகளுக்கும் உரியவராயிருந்தோர் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். கிடுகுக் குடிசைகளிலே பிள்ளைகள் நிவாரண அரிசியை உண்டு வளர்ந்தனர். ஆண்டுகள் செல்லச்செல்ல, பாடசாலை அனுமதியிலும் தொழில்வாய்ப்பிலும் வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே மனக்கசப்புகளும் தோன்றின.

2007இல் உலக வங்கியின் கடனுதவியுடன் புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது; 2009இல் போர் முடிவுற்றது. அப்போது, ஐந்து வயதில் வெளியேறிய குழந்தைக்கு வயது இருபத்துநான்கு. பெற்றோருக்கு யாழ்ப்பாணம் திரும்புதல் என்பது வீடு செல்லுதல். பிள்ளைக்கோ அது, கேட்டறிந்த ஊரொன்றிற்குப் புதிதாகக் குடிபெயர்தல். அங்கே எஞ்சியிருந்தவை கூரையற்ற சுவர்களும் காடுமண்டிய வளவுகளுமே. புத்தளத்திற் பதிவுசெய்தால் வடக்கிலுள்ள உரிமை போய்விடுமோ, வடக்கிற் பதிவுசெய்தால் பிள்ளைகளின் படிப்புக் கெடுமோ என்ற தடுமாற்றம் பல குடும்பங்களை ஆட்கொண்டது.

இவ்விரண்டில் ஒன்றையே தெரிவுசெய்யுமாறு அவர்களை நெருக்குவது நீதியாகாது என்பதே நமது கருத்தாகும். மதீனாவில் வேரூன்றியமையால் முஹாஜிர்கள் மக்காவை அந்நியமாகக் கொள்ளவில்லை. மக்கா வெற்றிகொள்ளப்பட்டபின் அவர்கள் மதீனாவைக் கைவிடவுமில்லை. முகாமில் வளர்ந்த இத்தலைமுறைக்கும் இரண்டு ஊர்கள் உரியன. பறிக்கப்பட்ட ஊரின் மீதான உரிமையும், வளர்த்த ஊரின் மீதான உரிமையும் ஒருங்கே ஏற்கப்படும்போதுதான் 1990இன் அநீதி உண்மையில் முடிவுக்கு வரும்.