வண்டிக்காரனும் மகாராஜாவும்: ஜப்பானில் ‘முத்து’

1995 தீபாவளிக்கு வந்த ‘முத்து’, 1998இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியிலிருந்த சினிமா ரைஸ் திரையரங்கில் ‘முத்து: ஆடும் மகாராஜா’ என்ற பெயரில் திரையிடப்பட்டு 23 வாரங்கள் ஓடியது. இதற்கு நம்மிடையே வழங்கும் விளக்கம், ஜப்பானியர் ஆட்டத்திலும் வண்ணத்திலும் மயங்கினார்கள், உட்பொருள் அவர்களுக்கு எட்டவில்லை என்பது. அதை நான் ஏற்கவில்லை.

தலைப்பையே எடுத்துக்கொள்வோம். படத்தில் முத்து ஜமீன் வீட்டு வேலைக்காரன். குதிரை வண்டி ஓட்டுபவன். சொத்தைத் துறந்துபோன ஜமீன்தாரின் மகன் அவன் என்பது பிற்பாதியில், முன்கதை வழியாகவே தெரியவருகிறது. ஜப்பானியத் தலைப்போ எடுத்த எடுப்பிலேயே அவனை மகாராஜா ஆக்கிவிடுகிறது. முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்துவிட்டார்கள் என்று குறை சொல்லத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுத் திரையரங்கில் மட்டும் அந்த முடிச்சு இறுக்கமாகவா இருந்தது? ‘அண்ணாமலை’யில் (1992) அறிமுகமாகி, எழுத்தெழுத்தாகத் திரையில் விரியும் ‘சூப்பர் ஸ்டார்’ பட்டத்துக்கு விசிலடித்தவர்கள், வரப்போகிறவன் வெறும் வண்டிக்காரன் அல்லன் என்று அறிந்தே உட்கார்ந்திருந்தார்கள். தோளில் துண்டும் கையில் சாட்டையும் வேடம். உள்ளே இருப்பவர் ராஜா. ரஜினிகாந்த் என்ற பெயர் பரவாத ஊரில் அந்த முன்னறிவைத் தர வேறு வழி தேவைப்பட்டது. இங்கே பட்டம் செய்த வேலையை அங்கே தலைப்பு செய்தது.

டோக்கியோவுக்குப் போய்ச் சேராதவையும் உண்டு. தன் வருகையின் நேரம் யாருக்கும் தெரியாது என்று முத்து பேசும் வசனத்தை, 1996 தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் தமிழர்கள் ரஜினியின் அரசியல் அறிவிப்பாகவே கேட்டார்கள். அந்தக் கைதட்டல் படத்துக்கு வெளியே பிறந்தது. இன்று தொலைக்காட்சியில் அதே காட்சியைப் பார்க்கும் இருபது வயதுத் தமிழ் இளைஞருக்கும் அதன் காரணத்தை எடுத்துச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஜப்பானியரைத் தூரம் விலக்கியது. இவரைக் காலம் விலக்குகிறது. இருவரையும் ஒரே தட்டில் வைத்துத்தான் ஆராய வேண்டும் என்பது என் துணிபு.

மொழி தெரியாமல் தவிப்பதே இந்தப் படத்தின் நகைச்சுவைக்கு ஒரு சரக்கு. கேரளத்தில் வழிதவறும் முத்து, கதாநாயகி ரங்கநாயகி சொல்லிக்கொடுத்த மலையாள வாக்கியத்தை, அது முத்தம் கேட்பது என்றறியாமல் பிறரிடம் சொல்லி மாட்டிக்கொள்கிறான். தமிழ்நாட்டில் சிரிப்பு வாக்கியத்திலேயே தொடங்கிவிடும். தமிழும் மலையாளமும் ஒன்றுபோல ஒலிக்கும் காதுக்கு, அது கேட்பவர் முகத்தில் படரும் திகைப்பில் தொடங்கும். சிரிப்பு பிந்தலாம், பொய்த்துவிடாது. மூலமான மலையாளப் படம் ‘தேன்மாவின் கொம்பத்’தில் மலையாளிக்கு நேர்ந்த சிக்கலே இங்கே தமிழனுக்கு நேர்கிறது. தமிழுக்கு வரும்போதே இந்தக் கதை ஒரு மொழி எல்லையைக் கடந்திருந்தது.

உள்நாடு, வெளிநாடு என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. படத்தை ஜப்பானுக்குக் கொண்டுசெல்ல முனைந்த திரை விமர்சகர் ஜுன் எடோகி அதை முதலில் கண்டது சென்னையில் அல்ல, சிங்கப்பூரில். அங்கே தமிழ்ப் படம் வருவது அங்குள்ள தமிழருக்காக.